பேரணி, பதாகை, குரூப் போட்டோ... பொது சுகாதார மாணவர்களின் வேலை இதோடு முடிகிறதா?

காலை 9 மணி. ஊர் எல்லையில் கல்லூரி பஸ் வந்து நிற்கிறது. ஒரே நிற டி-ஷர்ட்டில் 40 மாணவர்கள் இறங்குகிறார்கள். கையில் பதாகை, வாயில் கோஷம். ‘கை கழுவுவோம், வயிற்றுப்போக்கைத் தவிர்ப்போம்’ என்று நான்கு தெருக்களைச் சுற்றுகிறார்கள். மேடை, சால்வை, நன்றியுரை, குரூப் போட்டோ. மதியம் சாப்பாடு முடிந்ததும் பஸ் கிளம்பிவிடுகிறது.

அந்த ஊரின் கடைசித் தெருக் குழாயில் வரும் தண்ணீரில் போதுமான குளோரின் இருக்கிறதா? அதை யாரும் பார்க்கவில்லை. தொட்டியை யார், எப்போது கழுவுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மக்கள் கையைக் கழுவத்தான் செய்கிறார்கள். கழுவும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு ‘சமூகப் பங்கேற்பு’ என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு நாள் நிகழ்ச்சிதான். ஆனால், கல்லூரிக்கு உள்ளேயும் வெளியேயும் இதைவிடப் பெரிய வாய்ப்புகள் சட்டப்படியே திறந்திருக்கின்றன. அவை என்ன? ஏன் பயன்படாமல் கிடக்கின்றன? பார்க்கலாம்.

பொது சுகாதாரப் படிப்புக்கும் ஊராட்சிக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் பொது சுகாதார முதுநிலைப் படிப்பு, அதாவது எம்பிஎச், 1997-ல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் தொடங்கியது. இன்று சென்னை அயப்பாக்கத்தில் உள்ள ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், காட்டாங்கொளத்தூர் எஸ்ஆர்எம் எனப் பல இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. மருத்துவர்கள் மட்டுமில்லை, பல் மருத்துவம், நர்சிங், அறிவியல், சமூகப் பணி படித்தவர்களும் இதில் சேர்கிறார்கள். எம்பிபிஎஸ் மாணவர்களுக்கோ சமூக மருத்துவம் ஒரு கட்டாயப் பாடம்.

வகுப்பில் நோய்ப் பரவல், புள்ளியியல், ஆய்வு முறை எல்லாம் சொல்லித்தருகிறார்கள். ஆனால், ஒரு ஊரின் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கும் முடிவுகள் பல வகுப்பறைக்கு வெளியே எடுக்கப்படுகின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 11-வது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 பொருள்களில் குடிநீரும் சுகாதாரமும் இருக்கின்றன. நகராட்சிகளுக்கான 12-வது அட்டவணையில் பொது சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் இருக்கின்றன. குழாய், சாக்கடை, குப்பை, கொசு என எதை எடுத்தாலும் கடைசியில் போய் நிற்கும் இடம் உள்ளாட்சி அலுவலகம்தான்.

அப்படியென்றால், கிராம சபை எப்படி நடக்கிறது என்றே பார்க்காமல் ஒருவர் பொது சுகாதார நிபுணராக முடியுமா? படிப்பை முடிக்கலாம். வேலை செய்வது கஷ்டம்.

ஒரு எண் திட்டமாக மாறியது எப்படி?

தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2020-ல் மாநிலம் முழுவதும் ‘ஸ்டெப்ஸ்’ என்ற கணக்கெடுப்பு நடந்தது. 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது அதில் தெரிந்தது. அதைவிட அதிர்ச்சி, அவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. சர்க்கரை நோயில் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 10.8 சதவீதம்.

மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு ஏன் கட்டுப்படவில்லை? மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க எல்லோராலும் முடியாது. மருந்து மக்களிடம் போனால் என்ன என்ற எண்ணத்தில் உருவானதுதான் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. மகளிர் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையையும் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, காசநோய் இறப்பில்லாத் திட்டம். 2022-ல் தொடங்கியது. புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவரின் உடல் எடைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றை உடனே பார்க்கிறார்கள். பெரிய லேப் தேவையில்லை. ஆபத்தான நிலையில் இருப்பவர் முன்கூட்டியே அடையாளம் காணப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்.

இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். சரியான கேள்வியைக் கேட்டு, எளிமையாக அளந்து, முடிவெடுக்கும் இடத்துக்கு அந்த எண்ணைக் கொண்டுபோனார்கள். ஒரு மாநிலத்துக்குச் செய்ததை ஒரு தெருவுக்கு மாணவர்களாலும் செய்ய முடியும்.

கல்லூரிக்குள் என்னென்ன வாய்ப்புகள்?

முதலில், ஏற்கெனவே கையில் இருப்பவை:

● நாட்டு நலப்பணித் திட்டம்: 1969-ல் தொடங்கியது. ஒரு என்எஸ்எஸ் தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் பணி செய்ய வேண்டும். கூடவே 7 நாள் சிறப்பு முகாம். 240 மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரே ஊரில், ஒரே பிரச்சினையில் செலவழித்தால் ஒரு நல்ல கள ஆய்வே நடத்திவிடலாம்.

● குடும்பத் தத்தெடுப்புத் திட்டம்: தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டப்படி எம்பிபிஎஸ் மாணவர்கள் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைப் பொறுப்பெடுத்து, படிப்புக் காலத்தில் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும்.

● உன்னத் பாரத் அபியான்: இதில் சேரும் கல்வி நிறுவனம் குறைந்தது 5 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து வேலை செய்ய வேண்டும்.

● செஞ்சுருள் சங்கம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம்: எச்ஐவி, ரத்ததானம், போதைப் பழக்கம் சார்ந்த பணிகள்.

● தேர்தல் விழிப்புணர்வு மன்றம்: புதிய வாக்காளர்களைச் சேர்க்கக் கல்வி நிறுவனங்களில் தேர்தல் ஆணையத்தின் முன்முயற்சியில் இயங்குவது.

பட்டியல் நீளம்தான். பிரச்சினை, இவற்றில் பல ‘நிகழ்ச்சி’யாகவே முடிந்துவிடுவது. அறிக்கையில் எழுதப்படுவது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை துண்டறிக்கை கொடுத்தார்கள் என்பதுதான். என்ன மாறியது என்ற கட்டம் பெரும்பாலும் படிவத்திலேயே இருக்காது. “சர்டிஃபிகேட் வந்தா போதும்” என்று மாணவர்கள் நினைப்பதற்கு அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சேவைக்கும் பங்கேற்புக்கும் என்ன வித்தியாசம்?

கல்லூரி வாசலில் இருந்தே ஓர் உதாரணம் பார்க்கலாம். புகையிலைப் பொருள்கள் சட்டம் 2003-ன்படி, கல்வி நிறுவனத்தின் சுற்றுச்சுவரில் இருந்து 100 கெஜ தூரத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், சிகரெட் உள்ளிட்ட புகையிலைப் பொருள்களை விற்கக் கூடாது. இந்தத் தடையைச் சொல்லும் அறிவிப்புப் பலகையைக் கல்வி நிறுவனமே வாசலில் வைக்க வேண்டும்.

மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு நாளில் உறுதிமொழி எடுப்பது சேவை. தப்பில்லை. ஆனால், செல்போன் மேப்பில் அந்த 91 மீட்டரை அளந்து, அதற்குள் எத்தனை கடைகளில் விற்பனை நடக்கிறது என்று குறித்து, கல்லூரி முதல்வர் மூலம் சுகாதாரத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் மனு கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடியும் எண்ணிப் பார்ப்பது பங்கேற்பு. முதலாவதில் ஒரு போட்டோ மிஞ்சும். இரண்டாவதில் ‘முன்பு இத்தனை, இப்போது இத்தனை’ என்ற கணக்கு மிஞ்சும்.

அந்தக் கணக்கில் டீக்கடைக்காரரும் ஒரு மனிதர் என்பதை மறந்துவிடக் கூடாது. சிகரெட் விற்பனை அவர் வருமானத்தில் ஒரு பங்கு. முதலில் சட்டத்தைச் சொல்லி, பேசி, அவகாசம் கொடுத்துப் பார்ப்பதும் பொது சுகாதாரப் பாடம்தான். அந்தப் பேச்சை வகுப்பறைக்குள் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

கிராம சபையில் மாணவர்கள் என்ன செய்ய முடியும்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலக தண்ணீர் தினம். நவம்பர் 1 உள்ளாட்சி தினம். ஊராட்சியின் வரவு செலவு, திட்டங்கள், தணிக்கை அறிக்கை ஆகியவை இங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகையும் தேவை. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வர வேண்டும்.

முக்கியமான விதி ஒன்று. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபையின் உறுப்பினர். கல்லூரி பஸ்ஸில் வந்த மாணவர் உறுப்பினர் இல்லை. தீர்மானம் கொண்டுவர முடியாது. ‘நாங்க படிச்சவங்க, நாங்க பேசுறோம்’ என்று மைக்கைப் பிடிப்பது சட்டப்படியும் சரியில்லை, மரியாதையாகவும் இருக்காது.

அப்படியானால் அவர்கள் வேலை என்ன? ஊர்க்காரர்கள் கையில் ஆதாரத்தைக் கொடுப்பது.

முதலில் பார்த்த குடிநீரையே எடுத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, கிருமிநீக்கத்துக்குக் குளோரின் கலக்கப்படும் குடிநீரில், குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர்கள் பயன்படுத்தும் குளோரோஸ்கோப் என்ற சின்னக் கருவியில், சில சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறுவதை வைத்து இதைப் பார்த்துவிடலாம். தொட்டியில் இருந்து தூரம் போகப்போகக் குளோரின் குறையும். குழாயில் உடைப்போ கசிவோ இருந்து அழுக்கு நீர் கலந்தால் இன்னும் குறையும். ஆகவே, கடைசித் தெருவில்தான் ஆபத்து அதிகம். பல ஊர்களில் அந்தக் கடைசித் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு மாணவர் குழு சுகாதார ஆய்வாளரோடு சேர்ந்து, மாதம் இருமுறை, தெருவுக்கு இரண்டு குழாய் என மூன்று மாதம் அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்க அட்டவணை தயார். அதைத் தமிழில் எழுதி ஊர்ப் பெண்களிடமும் இளைஞர்களிடமும் விளக்குகிறார்கள். அடுத்த கிராம சபையில் அந்தத் தெருக்காரர் ஒருவர் எழுந்து, “எங்க தெருவுல ஆறு தடவை பாத்ததுல அஞ்சு தடவை மருந்தே இல்ல. இத தீர்மானத்துல எழுதுங்க” என்று கேட்கிறார். “தண்ணி சரியில்ல” என்ற பொதுவான புகாருக்குத் தலையாட்டிவிட்டுப் போகலாம். தேதி போட்ட அட்டவணைக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க ஒரு தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லாத காலத்தில், கிராம சபையின் முக்கியத்துவம் குறைவதில்லை, கூடுகிறது.

கிராம சபை தவிர, தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் கீழ் கிராம அளவில் சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக்கான குழு ஒன்றும் உண்டு. உள்ளூர்த் தேவைக்கு ஏற்பச் செலவு செய்ய இதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிதி ஒதுக்கப்பட்டது. தொகை சிறிதுதான். ஆனால், அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, பணம் எதற்குச் செலவானது என்று கேட்டாலே அது உயிர்பெற ஆரம்பிக்கும். நகரத்தில் படிப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டில் முதன்முறையாக இவை கூடின.

ஓட்டு எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில்தான் வாக்காளர் பட்டியல் மாணவர்களுக்கு முக்கியமாகிறது. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உள்ளன. இவற்றில் ஏதாவது ஒன்றில் 18 வயது நிறைந்திருந்தால் போதும். 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் முடியும்.

விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊரில் பெயரை வைத்துக்கொள்ளலாம். அல்லது கல்வி நிறுவனத் தலைவரின் சான்றோடு விண்ணப்பித்து, விடுதி முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் இருக்கக் கூடாது. எங்கே பெயர் இருக்கிறதோ, அங்கேதான் கிராம சபை அல்லது பகுதி சபை உரிமை.

சொந்த ஊரில் ஓட்டு வைத்திருக்கும் மாணவிக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும் அவர், ஆகஸ்ட் 15 விடுமுறையிலும் போனால், கிராம சபையில் முழு உரிமையோடு எழுந்து பேசலாம். அங்கே அவர் வெளியாள் இல்லை, இன்னாருடைய பொண்ணு. அந்த அறிமுகத்தை எந்தக் கல்லூரி முகாமும் தந்துவிட முடியாது.

தகவலைக் கேட்டு வாங்குவது எப்படி?

எல்லாவற்றையும் புதிதாக அளக்கத் தேவையில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் முடிவுகள் மாவட்ட வாரியாகவே பொதுவெளியில் இருக்கின்றன. 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது ஆய்வு. தன் மாவட்டத்தின் எண் என்ன என்று பார்ப்பதில் இருந்து ஒரு கல்லூரிக் குழு வேலையைத் தொடங்கலாம்.

பொதுவெளியில் இல்லாததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில். குடிநீர் மாதிரிகளின் பரிசோதனை முடிவுகள், நலவாழ்வுக் குழுவின் செலவு விவரம் போன்றவற்றைக் கேட்கலாம். ‘தண்ணீர் ஏன் சரியில்லை?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை எடுத்த மாதிரிகளின் முடிவுகளின் நகல்’ என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். ஆய்வுக் கேள்வியை எழுதப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை.

சரி, வேலைக்கு இது உதவுமா?

நியாயமான கேள்விதான். பொது சுகாதாரத்துக்கெனத் தனிப் பணிப் பிரிவை நீண்ட காலமாக வைத்திருக்கும் மாநிலம் தமிழ்நாடு. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் வந்த மண். ஆனால், அந்தப் பிரிவின் அதிகாரி பொறுப்புகள் மருத்துவர்களுக்கானவை. மருத்துவம் படிக்காத எம்பிஎச் பட்டதாரிக்கு அரசில் நேரான படிக்கட்டு குறைவு. பொது சுகாதார மேலாண்மைப் பணிப் பிரிவை எல்லா மாநிலங்களும் அமைக்க வேண்டும் என்று 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கை சொன்னது. 2022-ல் மத்திய அரசு அதற்கான வழிகாட்டுதலையும் வெளியிட்டது. நடைமுறை இன்னும் மாநிலங்களின் கையில்தான்.

எனவே, பலர் தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் ஒப்பந்தப் பணிகள், ஆய்வுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் பக்கம் போகிறார்கள். 2022-ல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும் இளைஞர்களுக்கு ஒரு வாசல். இப்படிப்பட்ட இடங்களின் நேர்காணலில் ‘பத்துப் பேரணியில் கலந்துகொண்டேன்’ என்பதைவிட, ‘ஒரு ஊரில் இதை அளந்தோம், இவர்களிடம் கொண்டுபோனோம், இது மாறியது, இது மாறவில்லை’ என்று சொல்வதற்கு எடை அதிகம். கடைசியாகச் சொன்ன ‘மாறவில்லை’க்கும் சேர்த்துத்தான்.

எதில் கவனம் தேவை?

ஒன்று, சம்மதம். வீட்டுக்குள் போய்க் கேள்வி கேட்கும் முன், எதற்காக, யாருக்காக என்று சொல்ல வேண்டும். நோய் விவரமும் பெயரும் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றக் கூடாது. காசநோய், எச்ஐவி விஷயத்தில் ஒரு கசிவு ஒரு குடும்பத்தின் நிம்மதியையே கெடுத்துவிடும்.

இரண்டு, வாக்குறுதி. ‘நாங்க சொல்லி சரி பண்ணிடுறோம்’ என்று மாணவர்கள் சொல்லக் கூடாது. அவர்கள் கையில் அதிகாரம் இல்லை. வரும் ஆண்டு வேறு பேட்ச் வரும். ஊர் அங்கேயேதான் இருக்கும்.

மூன்று, களப்பணியாளர்கள். கிராம சுகாதார செவிலியர், தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது பங்கேற்பு ஆகாது. பிளீச்சிங் பவுடர் வந்து சேராத ஊரில் தொட்டி இயக்குபவரைத் திட்டி என்ன பயன்? எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் படித்தவர்களின் வேலை.

நான்கு, கட்சி. கிராம சபையில் எல்லாக் கட்சியினரும் இருப்பார்கள். மாணவரின் தனிப்பட்ட அரசியல் அவர் உரிமை. ஆனால், ஆய்வு அட்டவணை எந்தக் கட்சியின் துண்டறிக்கையாகவும் ஆகிவிடக் கூடாது.

கல்லூரிகள் என்ன செய்யலாம்?

புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஆண்டுதோறும் ஊரை மாற்றாமல், ஒரே ஊரில் மூன்று நான்கு ஆண்டுகள் தொடரலாம். ஒரு பேட்ச் எழுதிய பதிவேட்டை அடுத்த பேட்ச்சிடம் ஒப்படைக்கலாம். கள ஆய்வு முடிவைக் கல்லூரி நூலகத்தில் அடுக்குவதோடு நிறுத்தாமல், தமிழில் ஒரு பக்கமாக எழுதி ஊருக்கே திருப்பிக் கொடுப்பதைக் கட்டாயமாக்கலாம். மதிப்பெண் அதற்கும் சேர்த்து இருக்கட்டும். மார்ச் 22-க்கும் அக்டோபர் 2-க்கும் தேர்வு அட்டவணையில் இடம் விட்டால் போதும், மாணவர்கள் கிராம சபையை நேரில் பார்த்துவிடுவார்கள்.

ஒரு ஊர் தன் வீட்டுக் கதவைத் திறந்து, எத்தனை பிள்ளைகள், எத்தனை பேருக்குச் சர்க்கரை, கழிப்பறை இருக்கிறதா என்ற கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறது. அந்தப் பதில்களில் இருந்து ஒரு மாணவருக்குப் பட்டம் கிடைக்கிறது. பதிலுக்கு ஊருக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்த்தால், துண்டறிக்கையைத் தவிர வேறு ஏதாவது இருக்க வேண்டும். கடைசித் தெருக் குழாயில் 0.2 மில்லிகிராம் குளோரின் வந்தால்கூட அது பெரிய தொடக்கம்தான்.